இரண்டு நோட்டிலும் ஒரே பிழை

திண்டிவனத்திலிருந்து வந்த கடிதத்தில் ஆறே வரிதான் இருந்தது. இருதயமேரி அதை நின்றபடி ஒரு தரம் படித்தாள், உட்கார்ந்து ஒரு தரம் படித்தாள். பிறகு எழுந்து போய், ஸ்டாஃப் ரூம் ஜன்னலோரம் தனக்கென்று தனியே வைத்திருந்த செம்பிலிருந்து தண்ணீர் குடித்தாள்.

'வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திண்டிவனம் ஆபீசில் நீ ஆஜராக வேண்டியது. மாணவிகள் உன்னைப் பற்றி எழுதிய விமரிசனத் தாள்கள் இத்துடன் வருகின்றன. திரு. வேங்கடேசன் அவர்களைப் பற்றி எழுதியவையும், நீ பார்த்துத் தெரிந்துகொள்ளும்பொருட்டு, இணைக்கப்பட்டுள்ளன. நீ திருத்திய நோட்டுகள் பத்தும் அவர் திருத்திய நோட்டுகள் பத்தும் என் முன்னால் ஒப்பிட்டுப் பார்க்கப்படும். திருப்தியில்லாவிட்டால் உன் தற்காலிக நியமனம் இம்மாதத்தோடு ரத்தாகும்.' கீழே, கோதண்டபாணி, கரஸ்பாண்டெண்ட் என்று பச்சை மையில் கையெழுத்து.

வேலை போகும் என்ற கடைசி வரியை அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள். அவள் எதிர்பாராதது அதற்கு முந்தின வரி. ஒப்பிட்டுப் பார்ப்பதாமே. எதை எதனோடு ஒப்பிடுவது? அவர் திருத்தியதாகச் சொல்லும் பத்தையும் திருத்தியவள் அவளேதான்.

இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில், விழுப்புரத்தில், பெண்களை உபாத்தியாயினிகளாக்கி அனுப்பும் ஒரு பயிற்சிப் பள்ளியில். மாணவிகள் முப்பத்தெட்டுப் பேர். அதில் பதினெட்டு வயதுக்காரியும் உண்டு, இரண்டு பிள்ளை பெற்றவளும் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் அங்கே 'கிரிட்டிசிசம்' என்று ஒன்று நடக்கும். ஒருத்தி கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவாள். மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவளுடைய குரல், நடை, கரும்பலகை எழுத்து, கேட்ட கேள்வி என்று தலைப்புத் தலைப்பாகக் குற்றம் எழுதுவார்கள். நடத்தியவள் சாயங்காலம் கிணற்றடியில் அழுவாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவளே பென்சிலைச் சீவிக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்காருவாள்.

புதிதாக வந்த கரஸ்பாண்டெண்ட் கோதண்டபாணி, ஸ்கூல் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயரானவர். வந்த மாதமே அவருக்கு ஒரு யோசனை உதித்தது. பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி விமரிசிப்பதுபோல் உபாத்தியாயர்களையும் விமரிசித்தால் என்ன? பேர் போட வேண்டாம், மனசில் பட்டதை எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார். யுத்தத்தில் காகிதம் கிடைக்காத காலம். பழைய பரீட்சைத் தாள்களின் வெறும் பக்கத்தைக் கிழித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். அந்த யோசனையோடு கூடவே ஒரு சர்க்குலரும் வந்தது. அவரவர் வேலையை அவரவரே செய்ய வேண்டும், ஒருவருடைய நோட்டை இன்னொருவர் திருத்தியது தெரிந்தால் இரண்டு பேருக்கும் அன்றைக்கே சீட்டு கிழியும் என்று அதில் போட்டிருந்தது. படித்துத் தெரிந்துகொண்டேன் என்று இருதயமேரியும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

வேங்கடேசன் அங்கே போதனாமுறை கற்பிக்கிறவர். முகையூர்ப் பக்கம் சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்யும் குடும்பம். வயது ஐம்பத்து மூன்று. ரிட்டயராக இரண்டு வருஷம் பாக்கி. இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. அது வெளியே தெரிந்தால் அந்த இரண்டு வருஷமும் போய்விடும். வகுப்பில் அவருக்குக் கண்ணே வேண்டாம், பாடமெல்லாம் தலைகீழ்ப் பாடம். மாணவிகள் எழுதிக் கொடுக்கும் பாடக்குறிப்பு நோட்டுகள்தான் மாட்டிவிட்டன. பத்தொன்பது நோட்டு அவர் பங்கு, பத்தொன்பது இருதயமேரி பங்கு. போன வருஷம் அவள் வேலைக்கு மனுப் போட்டபோது, பாண்டிச்சேரிக் கன்னியாஸ்திரீகளிடம் படித்த பெண், நன்றாகப் படித்திருக்கிறது, சேர்த்துக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்து சொன்ன ஒரே ஆள் அவர். அப்பேர்ப்பட்டவர் வந்து, "ஏம்மா, இந்த ரெண்டு நோட்டை மட்டும் பாத்துக் குடேன்" என்று கேட்டால் முடியாது என்று சொல்ல எந்த நாக்குக்கு வரும்? ரெண்டு நாலாயிற்று, நாலு பத்தொன்பதாயிற்று. சிவப்பு மையில் அவள் எழுதுவாள். அடியில் அவர் தடவித் தடவி 'வே' என்று ஒரு கோணல் கையெழுத்துப் போடுவார்.

சாயங்காலம் அவள் தாள்கட்டுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வீடு என்றால் ரயில்வே லயனுக்குப் பின்னால் ஒரு ஓட்டு அறை. அவளும் அப்பா தேவசகாயமும். கிளியனூரில் ஒரு மிராசுதாரிடம் மூன்று தலைமுறையாகப் பண்ணை வேலை பார்த்த குடும்பம் அது. மகளுக்கு வேலை கிடைத்த அன்று, ராத்திரியில் ஓடிவராமல், பட்டப்பகலில், வாசலில் நின்று சொல்லிவிட்டே புறப்பட்டு வந்தார் தேவசகாயம். மிராசுதார் கோபித்துக்கொள்ளவில்லை. "போய்ட்டு வா. ஒம் மம்பட்டி எங்கயும் போவாது. பொண்ணையும் கூட்டிக்கினு வருவே, நடவுக்கு ஆளு வேணும்" என்றார். கத்தியிருந்தால்கூட இருதயமேரிக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. அந்த ஆள் சிரித்துக்கொண்டு சொன்னதுதான் பயம். வேலை போனால் இந்த அறை போகும். அறை போனால் கிளியனூரைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது.

"இன்னாம்மா அது, தாளு?" என்று தேவசகாயம் கேட்டார்.

"பரீட்சைத் தாளுப்பா."

"யாருக்குப் பரீட்சை?"

"பிள்ளைங்களுக்கு" என்றாள். சொன்ன பொய்க்காக மனசுக்குள்ளேயே சிலுவை போட்டுக்கொண்டாள்.

வெளிச்சம் போவதற்குள் படித்துவிடலாம் என்று வாசற்படியில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தாள். 'குரல்: கழனியில் ஆளைக் கூப்பிடுவதுபோல் கத்துகிறாள்.' 'நடை: கூச்சமில்லாமல் நிமிர்ந்து நடக்கிறாள்.' 'எங்களை நீ, உன் என்று நோட்டில் எழுதுகிறாள். எங்களில் பலர் கௌரவமான குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்.' 'திருத்தம்: சிவப்பு மையைக் கண்டாலே அழுகை வருகிறது. ஈவிரக்கம் இல்லை.' ஒரு தாளில் தலைப்பே இல்லாமல் ஒரு வரி: 'நோட்டைக் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டால் நாங்களே எடுத்துக்கொள்வோம்.'

அந்த வரியை அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பேர் போட வேண்டாம் என்று சொன்னாரே கரஸ்பாண்டெண்ட், நோட்டுத் திருத்துகிறவளுக்குப் பேர் எதற்கு? முப்பத்தெட்டுக் கையெழுத்தும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இது பாஞ்சாலி எழுதியது. பிரசவத்துக்குப் போய் இரண்டு மாதப் பாடத்தை விட்டுவிட்டு வந்தவள். அவளைச் சாயங்காலங்களில் உட்காரவைத்து, விட்டதையெல்லாம் நோட்டில் எழுதவைத்துச் சொல்லிக்கொடுத்தது இருதயமேரி. கோபம்கூட வரவில்லை அவளுக்கு, பயம்தான் வந்தது. பாஞ்சாலியே இப்படி என்றால் தனக்காக யார் பேசுவார்கள்?

திரும்பத் திரும்பப் புரட்டியதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கத்துகிறாள், நடக்கிறாள், எழுதுகிறாள். முப்பத்தெட்டுத் தாளில் முப்பத்திரண்டில் 'ள்'. பெண் என்பதால் அப்படி எழுதினார்களோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. தையல் கற்பிக்கும் காந்திமதி அம்மாள் தனக்கு வந்த தாள்களை ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் படித்துக் காட்டியிருந்தார். அவருக்கு எல்லாத் தாளிலும் 'ர்'. தைக்கச் சொல்கிறார், அதட்டுகிறார், தலையில் குட்டுகிறார். குட்டினாலும் 'ர்'. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தக் கதையைச் சொல்லிவருகிறவனே காந்திமதியை 'அவர்' என்கிறான், இருதயமேரியை 'அவள்' என்கிறான். அவன் யோக்கியதையும் அவ்வளவுதான்.

பிறகு வேங்கடேசனுடைய கட்டைப் பிரித்தாள். 'கண்டிப்பு உண்டு, ஆனால் அது தகப்பனுடைய கண்டிப்பு.' 'ஐயா நீ என்று எழுதும்போது சொந்த மகளிடம் பேசுவதுபோல் இருக்கிறது.' 'திருத்தம்: ஒவ்வொரு பிழையையும் பொறுமையாக விளக்குகிறார். அவருடைய சிவப்பு மை பட்ட பக்கங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.' பாஞ்சாலியின் நோட்டு அவர் பங்கில் இருந்தது. அவள் எழுதியிருந்தாள்: 'ஐயா கையால் நோட்டை வாங்கும்போது ஆசீர்வாதம் வாங்குவதுபோல் இருக்கிறது.'

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இருதயமேரிக்குச் சந்தோஷமாக இருந்தது. தான் எழுதியதைத்தானே பத்திரமாக வைத்திருக்கிறார்கள். வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். உள்ளேயிருந்து தேவசகாயம், "நல்ல மார்க்கா வாங்கிகினு இருக்குதுங்க?" என்று கேட்டார். அவளுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்னால், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அவள் கடிதத்தை வேங்கடேசனுக்குப் படித்துச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எழுத்து ஒண்ணு போலயா இருக்குது?"

"ஒண்ணு போல இல்லைங்கய்யா, ஒண்ணேதான். அதுவும் அந்த 'பிழை' பக்கத்துக்குப் பக்கம் வருதே."

அந்தச் சொல்தான் வினை. நோட்டுத் திருத்துகிறவள் வேறெதை அதிகம் எழுதப்போகிறாள்? அவளுடைய ழகரத்துக்கு ஒரு வால் உண்டு. சிறுவயதில் கிளியனூர்க் கோயில் பள்ளியில் மணலில் எழுதப் பழக்கிய உபதேசியார் சவுரிராயன், ழகரத்தின் காலை இடது பக்கம் இழுத்து ஒரு சுழி சுழித்துவிடுவார். அது அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. விழுப்புரத்தில் வேறு யாரும் அப்படி எழுதி அவள் பார்த்ததில்லை.

"கொஞ்சம் மாத்தி எழுதிட முடியாதாம்மா?"

"இருநூறு பக்கம்யா. சொரண்டினா காயிதம் கிழிஞ்சிடும்."

"அப்ப இன்னா பண்றது?" என்று அந்தப் பெரிய மனுஷன் குழந்தை மாதிரி கேட்டார். அவள் கடிதத்தை மடித்துப் பைக்குள் போட்டாள்.

சனிக்கிழமை காலைப் பாசஞ்சரில் இருவரும் ஏறினார்கள். பாதி வண்டியைப் பட்டாளத்துக்காரர்கள் அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் வேங்கடேசனுக்கு இடம் கிடைத்தது. அவள் எதிரே ஒடுங்கி உட்கார்ந்து, நோட்டு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். திடீரென்று அவளுக்கு ஒன்று உறைத்தது. கரஸ்பாண்டெண்ட் ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்து, படியுங்கள் சார் என்றுவிட்டால்? அப்போதே எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிடும். அவள் மூட்டையை அவிழ்த்து, அவர் பேரில் உள்ள நோட்டுகளை ஒவ்வொன்றாக, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி படிக்க ஆரம்பித்தாள். அவருக்கு ஞாபகசக்தி அபாரம். ஒரு தரம் கேட்டதைத் திருப்பிச் சொன்னார். முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் நாலு நோட்டு ஏறிவிட்டது.

விக்கிரவாண்டியில் வண்டி நின்றபோது அவர் சொன்னார்: "நானே உள்ளத சொல்லிடறேம்மா. எங்கண்ணு போனதுக்கு நீ ஏன் போவணும்."

அவளுக்கு இப்படி ஒரு மனுஷனா என்று கும்பிடத் தோன்றியது. பேரணி வரைக்கும் அவளுக்குப் பயமே இல்லை.

மயிலத்தில் அவர் மறுபடி வாயைத் திறந்தார். "சொன்னா ரெண்டு பேருக்கும் சீட்டு கிழியும்னுதானே அதுல போட்டிருக்குது? எனக்கு ரெண்டாவது பொண்ணு கல்யாணத்துக்கு நின்னுக்கினு இருக்குது. நான் சொல்லி ஒனக்கும் ஒண்ணும் ஆவப்போறதில்லயே."

"இல்லைங்கய்யா" என்றாள். அவர் சொன்னது நியாயம்தான், அதுதான் கொடுமை. மிச்சமிருந்த இரண்டு நோட்டையும் படித்துக் காட்டினாள். திண்டிவனம் வந்துவிட்டது.

கோதண்டபாணி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் அந்த விமரிசனங்களைத் தானே பிரதி எடுத்து வைத்திருந்தார், தலைப்புவாரியாக. உழைப்பில் குறை சொல்ல முடியாத மனுஷன்.

"வாங்க சார், உக்காருங்க. வெயில்ல அலையவிட்டுட்டேன். நீ அப்படி நில்லும்மா."

வேங்கடேசன் நாற்காலியைக் கையால் தேடி, கண்டுபிடித்து உட்கார்ந்தார். கோதண்டபாணி அதைக் கவனிக்கவில்லை. அவர் பார்வை இருதயமேரி மேலேயே இருந்தது.

"முப்பத்தெட்டுப் பேர்ல பதினேழு பேர் உன் திருத்தம் கடுமைன்னு எழுதியிருக்காங்க. பதினேழு பேரும் சேர்ந்து பொய் சொல்லுவாங்களா?"

"அய்யா, பிழைன்னா பிழைன்னுதானுங்களே எழுதணும்."

"எழுதணும். எப்படி எழுதறோம்ங்கறதுலதான் இருக்கு. சாரும் எழுதறாரு, பிள்ளைங்க கண்ணுல ஒத்திக்குதுங்க. இரு, உனக்குப் புரியவைக்கறேன்." வேங்கடேசனுடைய நோட்டுக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, நடுவில் பிரித்தார். "இது யாரு, ராஜாமணி நோட்டு. பசுவைப் பத்தின பாடம். சார், நீங்க எழுதினதை நீங்களே படிங்க. இந்தப் பொண்ணு கேக்கட்டும்."

இருதயமேரிக்கு உயிர் கையில் இல்லை. "நான் படிக்கறேனுங்க" என்று ஓரடி முன்னால் வந்துவிட்டாள்.

"உன்னையா கேட்டேன்?"

வேங்கடேசன் நோட்டை வாங்கினார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைக் கனைத்தார். ராஜாமணி நோட்டை எங்கே படித்தோம்? பேரணிக்கு முன்னாலா, பின்னாலா? அவருக்கு ஞாபகம் இருக்குமா? மாதாவே, மாதாவே என்று அவள் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"'இந்தக் கேள்விக்குக் குழந்தை என்ன பதில் சொல்லும் என்று யோசித்தாயா?'" வேங்கடேசனுக்கு வெண்கலக் குரல். நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "'நீ அந்தக் குழந்தையாக இருந்தால் என்ன சொல்வாய்? கேள்வியே பிழை. மறுபடி எழுது.'"

கோதண்டபாணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எவ்வளவு கனிவு பாரு. யோசித்தாயாங்கறாரு. தட்டிக்கொடுத்துக் கேக்கற மாதிரி இருக்கு. இப்ப உன்னோடது ஒண்ணைப் படி."

அவரே அவளுடைய கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தார். அது சின்னபொண்ணு நோட்டு. ஆட்டைப் பற்றிய பாடம். அதில் எழுதியிருந்ததை அவள் ஒரு தரம் மனசுக்குள் படித்தாள். ஒரே தப்பை இரண்டு பேர் செய்தால் ஒரே திருத்தத்தைத்தானே எழுதியிருப்பாள். வேறு பக்கத்தைப் புரட்டிவிடலாமா என்று பார்த்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"'இந்தக் கேள்விக்குக் குழந்தை என்ன பதில் சொல்லும் என்று யோசித்தாயா?'" உலர்ந்த தொண்டையிலிருந்து குரல் கரகரவென்று வந்தது. "'நீ அந்தக் குழந்தையாக இருந்தால் என்ன சொல்வாய்? கேள்வியே பிழை. மறுபடி எழுது.'"

"கேட்டியா? யோசித்தாயாவாம். அதட்டறே. கல்யாணமாகிப் பிள்ளை பெத்ததுங்க எல்லாம் இருக்கு அந்தக் கிளாஸ்ல, நல்ல குடும்பத்துப் பொண்ணுங்க. நீ போய் யோசித்தாயான்னா அதுங்களுக்கு எப்படி இருக்கும்?"

"அய்யா, ரெண்டும் ஒரே வாக்கியம்தானுங்களே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேங்கடேசன் தலையைத் தூக்கினார்.

"ஒரே வாக்கியமா?" கோதண்டபாணி இரண்டு நோட்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு விரலை இதிலும் ஒரு விரலை அதிலுமாக ஓட்டிக்கொண்டு போனார். விரல் இரண்டும் ஒரே சமயத்தில் நின்றன. மேஜை டிராயரைத் திறந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். இந்த நோட்டின் மேல் பிடித்தார். அந்த நோட்டின் மேல் பிடித்தார். மறுபடி இதற்கு வந்தார்.

"இதென்ன, ரெண்டுலயும் 'பிழை'யில ழவுக்கு ஒரே மாதிரி வால்?"

வேங்கடேசன் மடியில் வைத்திருந்த குடை கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. அவ்வளவுதான், முடிந்தது. மண்வெட்டியும் கையுமாக அப்பா அந்த மிராசுதார் முன்னால் போய் நிற்பது இருதயமேரியின் கண்ணுக்குத் தெரிந்தது. வந்துட்டியா என்று அந்த ஆள் சிரிப்பான். தான் முழங்கால் சேற்றில் குனிந்து நிற்க, பாஞ்சாலி ஏதோ ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகப் போய்க்கொண்டிருப்பாள். காலில் விழுந்துவிடலாமா?

கோதண்டபாணி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்திருந்தது.

"புரிஞ்சுபோச்சு. நீ சார் நோட்டை வாங்கி வச்சுக்கிட்டுக் காப்பி அடிக்கறே. வாக்கியம் சாரோடது. எழுத்து சாரோடது. வால்கூட விடலை." அவர் வேங்கடேசன் பக்கம் திரும்பினார். "ஏன் சார், நீங்கதான் இதுக்கு எழுதப் பழக்கிவிட்டீங்களா?"

உண்மை அங்கேதான் மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. முப்பது வருஷம் ஸ்கூல் ஸ்கூலாகப் போய் எழுத்தைப் பார்த்த மனுஷன், பூதக்கண்ணாடியே வைத்துப் பார்த்துவிட்டார். அந்தப் பெண்ணுடைய கையிலிருந்து அந்த ஆணுடைய நோட்டுக்கு எழுத்து போயிருக்கும் என்று மட்டும் அவர் மண்டையில் ஏறவில்லை. இருதயமேரி வேங்கடேசனையே பார்த்தாள். விக்கிரவாண்டியில் பேசிய மனுஷன் பேசப்போகிறாரா, மயிலத்தில் பேசிய மனுஷனா?

"கொஞ்சம்... பழக்கினேனுங்க" என்றார் வேங்கடேசன்.

"அதான பாத்தேன். பெரிய மனசு சார் உங்களுக்கு." கோதண்டபாணி அவள் பக்கம் திரும்பினார். குரலில் இப்போது அதட்டல் இல்லை. நிஜமாகவே அவள் நன்றாக வர வேண்டும் என்று நினைக்கிற ஆளின் குரல் அது. "பாரும்மா, காப்பி அடிச்சது தப்புன்னு சொல்ல வரலை. பெரியவங்களைப் பாத்துத்தான் கத்துக்கணும். ஆனா எழுத்தைக் காப்பி அடிச்சே, மனசைக் காப்பி அடிக்கலை. அதான் பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. பிள்ளைங்களை ஏமாத்த முடியாது."

"சரிங்க" என்றாள்.

"ஆறு மாசம் தர்றேன். அதுக்குள்ள சார்கிட்ட ஒழுங்கா கத்துக்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பிள்ளைங்களை எழுதச் சொல்லுவேன். அப்பவும் இப்படியே வந்தா நான் ஒண்ணும் செய்யறதுக்கில்லை. இப்ப ஒரு ஒப்புதல் எழுதிக் கொடு. நான் சொல்லச் சொல்ல எழுது."

அவர் பேனாவையும் காகிதத்தையும் மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். அவள் நின்றபடியே குனிந்து எழுதினாள். 'திரு. வேங்கடேசன் அவர்களிடம் நோட்டுத் திருத்தும் முறையைக் கற்றுக்கொண்டு, என்னிடமுள்ள...' அடுத்த சொல்லை அவர் சொன்னார். பேனா நின்றது. வாலைப் போடுவதா, விடுவதா? விட்டால், இத்தனை நாள் போட்டாயே என்பார். போட்டால் மறுபடி பூதக்கண்ணாடியை எடுப்பாரோ என்னவோ. கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. பழகின பழக்கத்தில் இடது பக்கம் இழுத்துச் சுழித்துவிட்டது. '...பிழைகளைத் திருத்திக்கொள்வேன்' என்று எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

கோதண்டபாணி அதை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு வேங்கடேசனிடம் நீட்டினார்.

"பாருங்க சார், அச்சு அசல் உங்க எழுத்து. சரியா வந்திருக்கா, நீங்களே சொல்லுங்க."

வேங்கடேசன் காகிதத்தை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தார். வெள்ளையாக ஏதோ இருக்கிறது என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

"வந்துகினு இருக்குதுங்க" என்றார். "இன்னும் கொஞ்சம் பழகணும்."

கோதண்டபாணி அவளைப் பார்த்தார், பதில் சொல்லட்டும் என்று.

இருதயமேரி கையைக் கட்டிக்கொண்டாள். "பழகிக்கறேனுங்க" என்றாள்.